சில்லறையில் ஒரு மணி நேரம்

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். எழுந்து அலாரத்தை அணைப்பேன். பல் துலக்கிவிட்டுப் பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் வைப்பேன். பால் பொங்குவதற்குள் வாசலில் தண்ணீர் தெளிப்பேன். கோலம் போட வராது. அதனால் தண்ணீர் மட்டும். பிறகு காப்பி, குளியல், பருத்திச் சட்டை. பட்டாசு ஆலைக்குள் நைலான் கலந்த துணி ஆகாது, உரசினால் பொறி பிறக்கும். டிபன் பாக்ஸில் சோறும் ரசமும் ஒரு அவித்த முட்டையும். ஆமத்தூரைத் தாண்டிப் பைக்கில் போனால் ஆலை. கேட்டில் செல்போன், பைக் சாவி, பையில் கிடக்கிற காசு எல்லாவற்றையும் காவலரிடம் கொடுத்துவிடுவேன். அவர் என் பெயர் ஒட்டிய மரத்தட்டில் வைப்பார். செருப்பைக் கழற்றுவேன். வெடிமருந்து அறையின் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் மின்சாரம் ஏதும் ஒட்டியிருந்தால் மண்ணுக்குள் இறங்கிவிட, அதில் உள்ளங்கையை வைத்து எடுப்பேன். அதற்கப்புறம்தான் உள்ளே.

ஓவியா இருந்தபோதும் இதேதான். பால் பாக்கெட்டை அவள் கத்தரிப்பாள். வாசலில் கோலம் இருக்கும்.

என் பெயர் மாரிக்கண்ணன். வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்தவன். அப்பாவும் அம்மாவும் இதே பக்கத்து ஆலைகளில் திரி சுற்றியவர்கள். நான் போர்மேன். மருந்துக் கலவையின் அளவைப் பார்ப்பதும், தேவைக்கு மேல் கலக்க விடாமல் தடுப்பதும், வேலை முடிந்ததும் மிஞ்சியதை அழிக்கச் செய்வதும் என் பொறுப்பு. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

ஓவியா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் சரிபார்க்கும் வேலை செய்தாள். போன வருடம் ஆடியில் ஒரு நாள் முற்பகல், மேஜையில் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆட்டோவில் ஏற்றும்போதே நினைவு இல்லை. பிறகும் திரும்பவில்லை. அவளுக்கு இருபத்தேழு வயது.

இந்தப் பங்குனியில் அவளுடைய பி.எஃப். பணம் என் கணக்குக்கு வந்தது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் அக்கா எழிலுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். அவளுடைய கம்பெனியில் பாதிப் பேர், வேலை மாற வழிகாட்டுகிற கேரியர் கோச் வைத்துத்தான் அடுத்த வேலைக்குத் தாவினார்கள் என்றாள். விருதுநகரிலேயே ஒருவர் இருக்கிறார், பெயர் சுகிர்தா, சென்னையில் பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிற பிரிவில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர், ஆறு மாதத்தில் உன்னைப் பட்டாசை விட்டு வெளியே கொண்டுவந்துவிடுவார் என்றாள். முதல் சந்திப்பு இலவசம். கட்டணத்துக்கு ஓவியாவின் பணம் சரியாக இருக்கும். நான் யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை என்றாள். ஓவியா கடைசியாகச் சொன்னதே அதுதானே என்றாள்.

இது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். சாவு வீட்டில் ஓவியாவின் அம்மா பாலம்மாள், மருமகனை அந்த வேலையிலிருந்து வெளியே கூட்டிவரணும் என்று என் பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தாளே என்று அழுதார். அது உண்மை. ஓவியா அவ்வப்போது அப்படிச் சொன்னதுண்டு. பக்கத்து ஆலையில் விபத்துச் சத்தம் கேட்கிற நாட்களில் சொல்வாள். பதினாறாம் நாள் காரியத்துக்குள் அது அவள் கடைசியாகச் சொன்னதாக ஆகிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓசூர்ப் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அக்காவே ஒரு விளம்பரத்தையும் அனுப்பியிருந்தாள். ஆங்கிலத்தில் என் விவரங்களையும் எழுதி அனுப்பினாள். கூரியரில் பளபளப்பாக ஒரு சட்டையும் வந்தது. சட்டையைத் தவிர மற்றதை எடுத்துக்கொண்டேன்.

சுகிர்தாவைப் பார்க்கப் போன அன்று ஞாயிறு. ஆலை கிடையாது. ஆனாலும் எழுந்தேன், பால் காய்ச்சினேன், தண்ணீர் தெளித்தேன், பருத்திச் சட்டை போட்டேன். சூலக்கரையில் கலெக்டர் அலுவலகத்தைத் தாண்டி ஒரு புதுக் கட்டடம். கீழே போட்டித் தேர்வு வகுப்பு, மாடியில் சுகிர்தா. வாசலில் மேஜை போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் பெயரைச் சொல்லிவிட்டு மாடி ஏறினேன். அவர் பின்னாலிருந்து ஏதோ சொல்லிக் கூப்பிட்டார். நேரமாகிவிட்டது என்று நான் நிற்கவில்லை. மாடியில் கண்ணாடிக் கதவுக்கு முன் செருப்பைக் கழற்றினேன். கதவின் வலப்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டு உள்ளே போனேன்.

சுகிர்தாவுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். செவத்துல ஈரமா என்று கேட்டார். இல்லை என்றேன். உட்காரச் சொன்னார். முதலில் ஒரு செயலியை இறக்கிச் சில கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும், அதை வைத்து என் இயல்பு என்ன, எனக்கு எந்த வேலை பொருந்தும் என்று படம் போட்டு வரும், போனை எடுங்கள் என்றார்.

சட்டைப் பையில் கை விட்டேன். போன் இல்லை. சாவியும் இல்லை.

"கேட்ல குடுத்துட்டு வந்தேன்," என்றேன்.

"இங்க கேட்டே கிடையாதே," என்றார் அவர்.

அப்போதுதான் தெரிந்தது. கீழே பெரியவரின் மேஜையில் போனையும் சாவியையும் காசையும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. நான் சுவரைத் தொட்டது ஏன் என்பதையும் விளங்கிக்கொண்டார். பரவாயில்லை, படம் அப்புறம் போடலாம், திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார்.

நன்றாகப் பேசினார். ஆறு மாதம். வாரம் ஒரு சந்திப்பு. விண்ணப்பம் எழுதுவது, நேர்காணல் பழக்கம், பேச்சு ஆங்கிலம், சம்பளம் பேசுவது. அவரிடம் வந்து வேலை மாறியவர்களின் படங்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முழுக் கட்டணம் எண்பதாயிரம். இன்றைக்கே சேர்ந்தால் தள்ளுபடி போக முப்பத்திரண்டு. மாலை வரைதான் இந்த விலை.

முப்பத்திரண்டு என்றால் ஓவியாவின் பணத்தில் கொஞ்சம் மிஞ்சும். அக்கா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் நினைவில் ஓடியது. சரி, போனை எடுத்து வருகிறேன் என்றேன். எழுந்து கீழே இறங்கினேன்.

படிகளில் இறங்கும்போதுதான் எண்பதாயிரம் என்ற எண் மறுபடியும் வந்தது.

எங்கள் பக்கத்துப் பட்டாசு விலைப்பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிஃப்ட் பாக்ஸ் மேல் பெரிய விலை அச்சடித்திருக்கும். பக்கத்திலேயே எண்பது சதவீதம் தள்ளுபடி என்று இருக்கும். அந்தப் பெரிய விலைக்கு அதை யாரும் விற்றதில்லை, யாரும் வாங்கியதும் இல்லை. விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். இங்கே அது வழக்கம். அதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதைப் பார்த்து யாரும் அவசரப்படுவதும் இல்லை. வெளியூரிலிருந்து வருகிற வியாபாரி பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டு, சாம்பிள் விடுங்கள் என்பார். பெட்டியில் மேலே இருப்பதை எடுக்க மாட்டார். நடுவில் கை விட்டு ஒன்றை உருவிக் கொடுப்பார். ஆலைக்குப் பின்னால் பொட்டலில் வைத்துக் கொளுத்திக் காட்ட வேண்டியது என் வேலை. பற்றினால் லோடு. பற்றாவிட்டால் காப்பியோடு சரி.

பெரியவர் போனையும் சாவியையும் தன் சாப்பாட்டுப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். அவர் பெயர் சண்முகவேல் என்று சட்டையில் இருந்தது.

"அடகு வைக்க வந்த ஆளோன்னு நெனச்சேன். ரசீதும் கேக்கல, துட்டும் கேக்கல, வச்சுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீக," என்றார்.

பழக்கம் என்றேன். எந்த ஊர்ப் பழக்கம்யா இது என்று பையை அவிழ்த்தார். காசை எண்ணிக்கொள்ளச் சொன்னார். எண்ணாமல் வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

சுகிர்தா போனில் பணம் கட்டுவதற்கான கியூஆர் அட்டையை மேஜை மேல் எடுத்து வைத்திருந்தார். நான் போனை எடுக்கவில்லை.

"எனக்கு ஒரு மணி நேரம் மட்டும் வேணும். இன்னைக்கே, இப்பவே. அதுக்கு என்ன வெலையோ அதக் குடுக்கேன்," என்றேன்.

தனியாக ஒரு சந்திப்பு தருவதில்லை என்றார். ஒரு மணி நேரத்தில் யாருக்கும் எதுவும் மாறாது, ஆறு மாதமும் சேர்ந்தால்தான் பலன் தெரியும் என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"நீங்களும் நம்ம ஊருதான். எங்க பட்டியல்ல வெலை எப்படிப் போடுதோம்னு ஒங்களுக்கே தெரியும். எனக்குத் தள்ளுபடி வேணாம். எண்பதாயிரத்து ரேட்லயே ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

 அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அதுவரை பேசிய பேச்சு மாறியது.

"எங்க அப்பாவுக்குப் பஜார்ல எண்ணெய்க் கடை. டின்ன ஒடச்சு அரைக் கிலோ ஊத்துன்னு கேட்டு ஒரு ஆளு வருவாரு. அப்பா திட்டிக்கிட்டே ஊத்துவாரு. சரி, காட்டுங்க. என்ன கொண்டாந்தீங்க?"

மூவாயிரத்துச் சொச்சம் என்று விலை ஆயிற்று. பெயிண்ட் கம்பெனி விளம்பரத்தையும், அக்கா எழுதிய விவரத்தையும் கொடுத்தேன். விவரத்தில் இரண்டு பத்திதான் படித்தார். இதை யார் எழுதினது என்றார். அக்கா என்றேன். அதில் தலைமை தாங்கினேன், வழிநடத்தினேன் என்றெல்லாம் இருக்கிறது, ஆனால் என்ன வேலை என்றே தெரியவில்லை என்று சொல்லித் தள்ளி வைத்தார். நேற்று என்ன செய்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

நேற்று சனிக்கிழமை. சம்பள நாள். முடித்துவிட்டுச் சீக்கிரம் போக வேண்டும் என்று எல்லோரும் வேகமாக இருந்தார்கள். மதியத்துக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மேகம் கட்டியது. தூரத்தில் ஒரு இடி கேட்டது. நான் வேலையை நிறுத்தி எல்லோரையும் வெளியேற்றி ஓய்வுக் கொட்டகைக்கு அனுப்பினேன். மழை வரவில்லை. மேகம் கலைந்த பிறகு பார்த்தால், கலந்து வைத்த மருந்தை முடிக்க நேரம் போதாது. அழிக்கச் சொன்னேன். சுடலை என்று ஒருவர், எங்களில் மூத்த தொழிலாளி, போர்மேனுக்கு மேகத்தைக் கண்டால் கல்யாண வீட்டைக் கண்ட மாதிரி என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஒரு நாள் மருந்து போனது அவருக்கு. வேலையை நிப்பாட்டத்தான் உனக்குச் சம்பளம் கொடுக்கிறேனா என்று கேட்டார்.

இதைச் சொன்னேன். சுகிர்தா எழுதிக்கொண்டே கேட்டார். இப்படி அடிக்கடி நடக்குமா என்றார். சீசனில் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒரு அறையை நிறுத்த வேண்டி வரும் என்றேன். விபத்து ஏதும் உண்டா என்றார். நான் பொறுப்பெடுத்த பிறகு எங்கள் ஆலையில் இல்லை, அதனால் எழுதிக்கொள்ள எதுவும் இல்லை என்றேன். ஒன்றும் நடக்காததை எப்படி எழுதுவது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நடக்காதத எழுத வேணாம். நீங்க நிப்பாட்டுனத எழுதுங்க. எந்த அறை, ஏன் நிப்பாட்டுனீங்க, முதலாளி என்ன சொன்னாரு, அப்பவும் ஏன் விடல. அம்புட்டுதான். நான் பன்னெண்டு வருஷம் ஆள் எடுத்திருக்கேன். பாதுகாப்புப் பிரிவுக்கு வர்றவன் எல்லாம் படிப்பச் சொல்லுவான். முதலாளி முன்னாடி நின்னு வேலைய நிப்பாட்டுவியான்னு கேட்டா முழிப்பான். ஒங்க அண்ணாச்சி எதுக்குத் திட்டுனாரோ அதுதான் ஒங்க வேலை."

 அவர் சொன்னது சரி. சாம்பிள் பற்றியது.

மீதி நேரம் அதையே எழுதினோம். எளிய ஆங்கிலத்தில், சின்ன வாக்கியங்களில். நான் சொல்லச் சொல்ல அவர் தேவையில்லாததை அடித்தார். முடியும் தறுவாயில், எதற்காக வெளியே போக நினைக்கிறீர்கள், நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள் என்றார். என் மனைவி கடைசியாக என்று ஆரம்பித்தேன். நிறுத்திக்கொண்டேன். உண்மை இல்லாததை அங்கே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் சொல்கிறார்கள் என்றேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"கேட்டுப் பாக்கலாம்னு நெனைக்கேன். எடுத்தா யோசிப்பேன். எடுக்கலன்னா திங்கக்கெழம ஆலைக்குப் போவேன்."

இதையே சொல்லுங்கள், கெஞ்சாத ஆளைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும் என்றார். பிறகு, கடமைக்காகக் கேட்பது போல, மாலை வரை தள்ளுபடி இருக்கிறது என்றார். மிச்சம் ஆறு மாதத்தில் எனக்கு எது தேவைப்படும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பேச்சு ஆங்கிலம் என்றார். அது வகுப்பில் சேர்ந்தால் கிடைக்கும் என்றும் அவரே சொன்னார். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் தள்ளுபடியைப் பற்றிப் பேசவில்லை. பணத்தைக் கட்டினேன். அந்த ஒரு மணி நேரம் அதன் விலை பெறும். கூடவே கொஞ்சம் பெறும். ஆறு மாதம் எனக்குப் பெறாது. வேறு ஒருவருக்குப் பெறலாம்.

திரும்பும்போது ஆமத்தூர் விலக்கில் இருளம்மாளின் தள்ளுவண்டியில் நிறுத்தினேன். கத்திரிக்காய், தக்காளி வாங்கினேன். பையின் மேல் ஒரு கொத்து கறிவேப்பிலையைச் செருகினார். அதற்குத் தனியாக ஐந்து ரூபாய் வைத்தேன்.

"ஊர் ஒலகத்துல கறிவேப்பிலைக்கு யாருலே துட்டு குடுக்கா? நீ ஒருத்தன்தான் குடுக்க," என்றார். காசைத் திருப்பித் தள்ளினார். நான் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இது நடக்கும். கடைசியில் அவர் சாக்குக்கு அடியில் போட்டுக்கொள்வார்.

வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டேன். விண்ணப்பத்தை ஒரு தடவை படித்தேன். ஓசூருக்கு அனுப்பினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அக்கா போன் செய்தாள்.

சேர்ந்துவிட்டாயா என்றாள். சேரவில்லை, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்தேன், விண்ணப்பம் போய்விட்டது என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. ஆள் பார்த்து, நேரம் வாங்கி, எல்லாம் செய்து கொடுத்தால் காய்கறி வாங்குகிற மாதிரி ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாயே என்றாள். இப்படியே அந்த மருந்துக்குள்ளேயே கிடப்பாய் என்றாள். பணத்தை என்ன செய்யப் போகிறாய் என்றாள். ஆங்கில வகுப்பு ஒன்றில் சேரலாம் என்று இருக்கிறேன், மற்றது அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"ஏலே மாரி, அது அவ துட்டு. ஒன்ன அங்கன இருந்து வெளிய கொண்டாரணும்னு கடைசியாச் சொல்லிட்டுப் போனாளே, அதுக்காவது மதிப்பு வேண்டாமா?"

"அவ அப்படிச் சொல்லல, அக்கா."

"ஒன் அத்தைதானே சொன்னாக?"

"முன்னால எப்பவோ சொன்னா. கடைசியாச் சொன்னது அது இல்ல."

 அக்காவுக்குப் பின்னால் பிரஷர் குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தது கேட்டது. திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அப்போ கடைசியா என்னதாம்லே சொன்னா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். மறைக்கிறதுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவள் சாய்ந்த அன்றைக்குக் காலையில் நான் பைக்கை எடுத்துவிட்டேன். ஓவியா வேலைக்குப் புறப்பட்டு வாசல்படியில் நின்று பின்னலைக் கட்டிக்கொண்டிருந்தாள். ரிப்பன் பல்லில் இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சொன்னாள். அதைத்தான் அக்காவிடமும் சொன்னேன்.

"வரும்போது இருளம்மாக்கா வண்டில கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க. கொசுறு கேக்காதீக. காசு குடுத்தே வாங்குங்க."